ஒரு நாள் நான் சாப்பிட்டது

குற்றாலத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவள் சரியாகச் சாப்பிடாமல் ரத்தம் வற்றிப்போனாள் என்றால் யாராவது நம்புவார்களா? நானே நம்பவில்லை. அதைச் சொன்ன டாக்டரோடு சண்டைக்குப் போனவள் நான்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் எங்கள் மெஸ். கல்யாணமான மறு வருடம் நானும் என் வீட்டுக்காரரும் ஆரம்பித்தது, இருபத்து மூன்று வருடமாக ஓடுகிறது. வீடு குத்துக்கல்வலசையில். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் மூன்று மாதத்துக்கு எங்களுக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. அவர் கல்லாவைப் பார்ப்பார், நான் அடுப்படியையும் பந்தியையும் பார்ப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சாம்பாரில் உப்பு இல்லை என்று யாராவது முகம் சுளித்தால் உப்பு டப்பாவையே இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். ஆனாலும் மறு வருடமும் அதே ஆட்கள் வருவார்கள். என் கைப்பக்குவம் அப்படி.

நாற்பத்தாறு வயதில் மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நிற்காமல் போகும். இந்த வயதில் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சோற்றுப் பானையை இறக்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடித்து நின்றுவிட்டு மறுபடியும் வேலையைப் பார்ப்பேன். ஒரு நாள் மத்தியானம் சாம்பார் வாளியோடு பந்திக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, யார் மேலும் கொட்டவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அவர் என்னைத் தென்காசிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா. ஆனால் பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தம் ஏழரைதான் இருக்கிறதாம். ஏழரை என்றதும் என் வீட்டுக்காரர் சனீஸ்வரனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மாவோ, இந்த ரத்தத்தோடு ஆபரேஷன் மேஜையில் படுக்கவைக்க எனக்குத் தைரியம் இல்லை, போக்கைக் குறைக்க மாத்திரை தருகிறேன், இரும்புச்சத்து மாத்திரை தருகிறேன், மூன்று மாதத்தில் பத்துக்கு மேலே ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். அதற்குள் போக்கு மிஞ்சினால் அவசரத்தில் ரத்தம் ஏற்றி ஆபரேஷன் செய்ய வேண்டிவரும், அந்த நிலைமைக்கு விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

"ஒழுங்கா சாப்பிட்டா ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் மெஸ் நடத்துதேன்மா. விடிஞ்சா அடைஞ்சா சோத்துக்குள்ளதான் நிக்கேன். என்னையப் பாத்து சாப்பிடலைங்கீங்களே" என்றேன். டாக்டரம்மா சீட்டில் ஏதோ எழுதினார். பக்கத்து அறையில் உணவு ஆலோசனைக்கு ஆள் இருக்கிறார், பார்த்துவிட்டுப் போங்கள் என்று சீட்டை நீட்டினார்.

உள்ளே தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெளியூரில் படிக்கிற என் மகனைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். ஓட்ஸ், ஆப்பிள், மாதுளை என்று அச்சடித்த தாளை நீட்டப்போகிறாள், வாங்கி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவள் தாள் எதையும் எடுக்கவில்லை.

"அக்கா, நேத்து எந்திரிச்சதிலேருந்து வாயில என்னென்ன போட்டீங்க? சும்மா சொல்லுங்க. நான் மார்க்கு போட மாட்டேன்."

நான் விடுவேனா? இட்லி, தோசை, ரெண்டு சட்னி, சாம்பார், அவியல், கூட்டு, மீன் குழம்பு, ரசம், பாயசம் என்று அடுக்கினேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியே வந்துவிட்டது.

"இதெல்லாம் உக்காந்து சாப்பிட்டீங்களா?"

"உக்காரதுக்கு எங்கம்மா நேரம்? கரண்டியில எடுத்து உள்ளங்கையில ஊத்தி ருசி பாக்கதுதான். நாள் முழுக்க அதான் நடக்குது. வயிறு கும்முன்னு இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுதது நிசம்தான் அக்கா. ஆனா எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும். ஒரு நாளைக்கு மட்டும் ஒரு தூக்குச்சட்டியைப் பக்கத்துல வச்சுக்கிடுங்க. காலையிலேருந்து விளக்கு வைக்க வரைக்கும் உங்க வாய்க்குள்ள எவ்வளவு போவுதோ, அதே அளவு அதுலயும் போடுங்க. டீ குடிச்சா சுவத்துல ஒரு கோடு. வேற ஒண்ணும் மாத்த வேண்டாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருக்கிறதிலேயே பெரிய தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து எடுத்தேன். நிரப்பிக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் மேஜை மேல் டங்கென்று வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே வீம்பு. அடுப்படியில் எனக்கு உதவிக்கு இலத்தூரிலிருந்து ஒருத்தி வருகிறாள், கேலிக்கு அவளை விட்டால் ஆள் இல்லை. "யக்கா, இது எப்படிப் பத்தும்? அண்டாவை எறக்கட்டா?" என்றாள்.

விடியற்காலை ஒரு டீ, ஒரு கோடு. சாம்பார் உள்ளங்கையில் ஒரு சொட்டு, தூக்குச்சட்டிக்கும் ஒரு சொட்டு. சட்னி விரல் நுனியில். கல்லில் பிய்ந்துபோன தோசையில் பாதி. பிறகு டீ, மறுபடியும் டீ. பன்னிரண்டு மணிக்கு அவியலில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு, உடைந்த அப்பளம் ஒன்று. அதற்கப்புறம் பந்தி. தலை நிமிர முடியாத கூட்டம்.

மூன்றரைக்குத்தான் எனக்கென்று தட்டில் சோறு போட்டேன். சாளை மீன் குழம்பில் இரண்டு துண்டு மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். ஒரு வாய் அள்ளுவதற்குள் வாசலில் ஒரு குடும்பம், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட. "சோறு இருக்காக்கா? பிள்ளைக்கு மட்டுமாவது" என்றாள் பிள்ளையின் அம்மா. வந்தவர்களை இல்லையென்று அனுப்பி எனக்குப் பழக்கமே இல்லை. பானையில் கிடந்ததோடு என் தட்டையும் சேர்த்துப் பங்கிட்டுப் போட்டேன். அதுவரை நான் இதை நினைத்துப் பார்த்ததுகூடக் கிடையாது. ஒவ்வொரு சீசனிலும் முக்கால்வாசி நாள் என் தட்டு அப்படித்தான் போயிருக்கிறது. அதற்கப்புறம் அடியில் ஒட்டிக்கிடந்ததில் ரசம் ஊற்றி இரண்டு கை தின்றேன், தூக்குச்சட்டிக்கும் இரண்டு கை போட்டேன்.

விளக்கு வைக்கும்போது திறந்து பார்த்தேன். தூக்குச்சட்டியின் அடிகூட முழுசாக மறையவில்லை. சுவரில் ஒன்பது கோடு.

இலத்தூர்க்காரி எட்டிப் பார்த்தாள். "யக்கா, எங்க வீட்டுப் பூனை இதவிடக் கூடத் திங்கும்" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

"மத்தது எங்க?"

"மத்தது ஒண்ணும் கிடையாது. இவ்வளவுதான்."

அவர் தூக்குச்சட்டியை வாங்கி மூடினார். பிறகு போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அதே தூக்குச்சட்டியோடு தென்காசிக்குப் போனேன். டங்கென்று வைக்கவில்லை, மெதுவாக வைத்தேன். நன்றாகத் திட்டப்போகிறாள், படிக்காதவள் என்று நினைக்கப்போகிறாள் என்று எனக்குப் பயம். திட்டினால் திருப்பிக் கொடுக்கவும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடி வைத்தாள்.

"இவ்வளவு வருசமா இதை வச்சா இத்தனை பேருக்குப் பொங்கிப் போட்டீங்க? உங்க உடம்பு ரொம்ப நல்ல உடம்புக்கா. அதைக் கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள்.

அந்த அறையில் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். குண்டு என்று கேட்டிருக்கிறேன், கருப்பு என்று கேட்டிருக்கிறேன், இந்த வயதில் இப்படி மூச்சு வாங்குகிறாளே என்று கேட்டிருக்கிறேன். என் உடம்பை நல்ல உடம்பு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் காலத்துக்கும் நன்றிக்கடன் பட்டவள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால் அந்த ஆஸ்பத்திரிப் படியை நான் அப்புறம் மிதித்திருக்க மாட்டேன்.

அவள் புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. "உங்க கடையில என்னென்ன இருக்கு?" என்றுதான் கேட்டாள். கடைக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது. அதன் கீரையைப் பருப்போடு வதக்கி, சாப்பிடும்போது எலுமிச்சை பிழியச் சொன்னாள். காணம் என்கிற கொள்ளுத் துவையல், முட்டை, அந்த இரண்டு துண்டு சாளை, வாரத்தில் ஒரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கறி எடுக்கிற நாளில் ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டி. எல்லாம் என் கையால் ஊருக்கே போடுகிற சாப்பாடு. இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றேன். "நிறுத்திராதீங்க, டாக்டர்ட்ட கேட்டுட்டு சாப்பாட்டுக்குப் பெறவு போட்டுப் பாருங்க. சாப்பாடு தனியா, மாத்திரை தனியான்னு நினைக்க வேண்டாம், ரெண்டும் வேணும்" என்றாள். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கச் சொன்னாள். கேழ்வரகில் காய்ச்சுகிற கேப்பைக் கூழும் தயிரும் தினமும் சேர்க்கச் சொன்னாள்.

"கேப்பைக் கூழும் தயிரும் எதுக்கும்மா? அதுல ரத்தம் ஊறுமா?" என்று கேட்டேன்.

"ரத்தம் இந்த மூணு மாசத்துக்குக்கா. எலும்பு எழுபது வயசு வரைக்கும் வேணும்லா. விலக்கு நின்னபெறவு அது வேகமாத் தேயும். இப்பவே அதுக்கும் போட்டு வைங்க" என்றாள். எழுபது வயதில் நான் இருப்பேன் என்று அவள் பாட்டுக்குச் சொன்னது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா!

கடைசியாக ஒன்று சொன்னாள், அதுதான் கஷ்டம். பதினொன்றரைக்கு, பந்தி ஆரம்பிக்கும் முன்னால், முதல் சாப்பாட்டை நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். மிஞ்சினதை இல்லை, முதலில் எடுத்ததை.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் அது புரியும். காசு கொடுக்கிறவன் கை நனைக்கும் முன்னால் கடைக்காரி உட்கார்ந்து சாப்பிடுவது, சாமிக்குப் படைக்கும் முன்னால் வாய் வைத்த மாதிரி. முதல் நாள் அடுப்படி மூலையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இலத்தூர்க்காரியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன், அப்போதுதான் இரண்டு வாய் உள்ளே போனது. நாலாம் நாள் வெளியே வேன் வந்து நின்றது. "ஏட்டி, கூட்டம் வந்துட்டு. பெறவு சாப்பிடேன்" என்று அவர் குரல் கொடுத்தார். "பெறவு பெறவுன்னுதான் ஏழரையில வந்து நிக்கேன்" என்று இங்கிருந்தே கத்தினேன். அவர் தானே இலை போடப் போனார். அன்றிலிருந்து முதல் பந்திக்கு இலை போடுவது அவர்தான்.

ஒன்றரை மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். எட்டே கால். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக அந்த அறைக்குள் போனேன். "மாடு மாதிரி தின்னுருக்கேன், முக்கால்தான் ஏறிருக்கா? இதுக்கா இத்தனை பாடு?" என்று சத்தம் போட்டேன்.

அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். "ஒரு பக்கம் போயிக்கிட்டே இருக்கு, இன்னொரு பக்கம் ஏறிருக்கு. இறங்கலை பாத்தீங்களா? சரி, டீ எப்படிப் போவுது?"

 சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் நான் விடவே இல்லை, டம்ளரை அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துக் குடித்திருந்தேன். அவளிடம் மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். "நாலு டீ குடிங்க, வேண்டாங்கலை. சாப்பாட்டுக்குப் பக்கத்துல மட்டும் வர வேண்டாம்" என்றாள்.

புரட்டாசியில் சீசன் ஓய்ந்தபோது மறுபடியும் பார்த்தார்கள். பத்தே முக்கால். டாக்டரம்மா தேதி குறித்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வெளி ரத்தம் ஏற்றத் தேவை வரவில்லை. எத்தனை சாமிக்கு நன்றி சொன்னேனோ, அத்தனை தடவை அந்தப் பெண்ணுக்கும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் கண் விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே தூறல். இட்லி கொடுக்கலாம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தார். காலால் ஸ்டூலைத் தட்டினேன்.

"எனக்குப் பசிக்குது."

திடுக்கிட்டு விழித்து என்னையே பார்த்தார். "என்னட்டி சொன்ன?"

"பசிக்குதுங்கேன். காது கேக்கலையா?"

எழுந்து நின்றவர் அப்படியே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இந்த வார்த்தையை உன் வாயால இன்னைக்குத்தான் கேக்கேன்" என்றார்.

சும்மா கதை விடாதீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு தடவையாவது சொல்லியிருப்பேனே என்று யோசித்துப் பார்த்தேன். பசிக்குதா, பசிக்குதா என்று வருகிற போகிற எல்லாரையும் கேட்டிருக்கிறேன். பசிக்குது என்று நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவர் மழையில் நனைந்துகொண்டே போய் இட்லி வாங்கி வந்தார். பிய்த்து ஊட்ட வந்தார், சும்மா இருங்க என்று வாங்கி நானே சாப்பிட்டேன். இரண்டு தின்று முடித்ததும், போதுமா என்று கேட்டார்.

"போதாது. இன்னொண்ணு வைங்க" என்றேன்.