நவாப் செங்கல்லில் கட்டிய வீடு

பாலாற்றுக்கு இந்தக் கரையில் ஆற்காடு, அந்தக் கரையில் இராணிப்பேட்டை. நடுவே வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். அந்த மணலை மிதித்தே ஆளானவன் தேவசகாயம். எவன் தோளிலும் ஏறி மேலே வந்தவன் இல்லை. அப்பன் விட்டுப் போன சொத்து ஒரு கம்பளியும் ஒரு வேதப்புத்தகமும். கம்பளியைப் பூச்சி தின்றது. புத்தகத்தைப் படிக்க அவனுக்குத் தெரியாது.

மீசை அரும்பும் முன்னே இராணிப்பேட்டை தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கிவிட்டான். ஊறின தோலை மயிர் கழலும்படி புரட்டி மேலே இழுத்துப் போடுகிற வேலை. முழங்கால் வரை வெந்து போகும். விரல் இடுக்கில் புண் ஆறாது. மேஸ்திரி ஹயாத் பாஷா நல்ல மனுஷர்தான். புண்ணுக்கு வேப்பெண்ணெய் கொடுப்பார், லீவு மட்டும் கொடுக்கமாட்டார். இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தத் தொட்டியில் ஒரு நாழிகை நின்று காட்டட்டும், அப்புறம் பேசட்டும்.

சாயங்காலம் வேலை விட்டு, மணலைக் கடந்து ஆற்காட்டுக் கரை ஏறினால் எதிரே நவாப்பின் அரண்மனை. அரண்மனை என்றால் என்ன, இடிந்த சுவரும் எருக்கஞ்செடியும்தான். சுவரிலிருந்து சப்பைச் செங்கல் தானாக உதிர்ந்து கிடக்கும். தேவசகாயம் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு சேரிக்குப் போவான். அதிலும் அவனுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கீழே விழுந்ததை எடுப்பான்; நிற்கிற சுவரில் விரல் வைக்கமாட்டான்.

"நிக்கறது நவாப்புது, வுழுந்தது ஆண்டவருது" என்பான்.

இப்படி வருஷக்கணக்காகச் சேர்த்து, சேற்று மண்ணைக் குழைத்து, தானே கொத்தன், தானே சிற்றாள் என்று ஒரு வீடு எழுப்பினான். பனையோலைக் குடிசைகளுக்கு நடுவே சிவப்பாய் ஒரு செங்கல் வீடு! சேரியில் அதுதான் முதல். வாசல்படிக்கு மேலே சுதையில் செய்த ஒரு தாமரைப்பூ. அதுவும் நவாப் வீட்டில் உதிர்ந்ததுதான்.

ஆற்காட்டில் அந்தக் கல்லை எடுக்காதவன் யார்? பெரிய மனுஷர் வீட்டுக் கிணறு அந்தக் கல். ரோட்டுப் பாலம் அந்தக் கல். அவன் கால் வெந்த சுண்ணாம்புத் தொட்டியே அந்தக் கல்தான். எல்லோரும் மேலே சுண்ணாம்பு பூசிக்கொண்டார்கள். தேவசகாயம் மட்டும் பூசவில்லை.

"மழைத் தண்ணி உள்ள எறங்குது. கொஞ்சம் பூசுய்யா" என்று அவன் பெண்சாதி அமிர்தவள்ளி எத்தனையோ முறை சொன்னாள்.

"பூசினா மண்ணு செவுருன்னு நெனைப்பான்டி. நவாப்பு கல்லுன்னு எவனுக்குத் தெரியும்?"

"தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?"

அவன் எழுந்துபோய், மழை கரைத்த இடுக்கில் சேற்று மண்ணை வைத்து அடைத்தான். ஆனால் பூசவில்லை.

கால் அழுகத் தொடங்கியதும் ஷாப்பில் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்போது கை கொடுத்தவன் லியாகத் அலி. வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறவன். பழைய இடம் பார்க்க வருகிற துரைமாரையும் மதராஸ் கனவான்களையும் வண்டியில் ஏற்றுவான். வாய் மட்டும் அவனுக்கு வராது. தேவசகாயத்துக்கோ வாய்தான் மூலதனம். பாதிரி பங்களாவில் புல் சுமந்தபோது பொறுக்கிக்கொண்ட நாலு வார்த்தை இங்கிலீஷும் இருந்தது. முன்பலகையில் ஏறி உட்கார்ந்தான். காலையில் வாலாஜாப்பேட்டை நெசவுத் தெரு, பிறகு தோல் ஷாப்பு, ஆற்றைக் கடந்து பழைய கோட்டை வாசலான டெல்லி கேட், அரண்மனை, கடைசியில் திமிரி சாலைக் குயவர் தெரு. ஒரு பகலில் அத்தனையும் காட்டி, மாலை ரயிலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவான். நெசவுத் தெருவுக்குள் மட்டும் அவன் போகமுடியாது. முனையில் நின்றபடியே, "மூணாவது வூட்ல பட்டு ஓடுது, நாலாவது வூட்ல சாயம்" என்று கை காட்டுவான். வந்தவர்கள் போய்ப் பார்த்தால் மூன்றாவது வீட்டில் பட்டு ஓடும். அப்படிப்பட்ட ஆள்.

ஆனால் காலை ஊன்ற ஊன்ற வலி. ஒரு நாள் அவன் வண்டியைப் பிடித்து ஏறும்போது லியாகத் அலி சொன்னான்: "தோஸ்த், என் குதிரையும் நொண்டி, நீயும் நொண்டி. வண்டி மட்டும்தான் ஒழுங்கா கீது."

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம். இடிபாடுகளைச் சர்க்கார் தன் காவலில் எடுக்கப்போகிறது, காவலுக்கு ஒரு சேவகன் வைக்கப் போகிறார்கள், நெஞ்சில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை, காக்கிக் கோட்டு, மாதச் சம்பளம். பார்வையிட ஒரு துரை வருகிறார். அவர் கை காட்டுகிற ஆளுக்குத்தான் வேலை. உட்கார்ந்த இடத்தில் உத்தியோகம்! நடக்கமுடியாத காலுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? தேவசகாயத்துக்குத் தூக்கம் போயிற்று. அது கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் அவனால் வண்டி ஏறமுடியாது. அவனுக்கும் தெரியும், அமிர்தவள்ளிக்கும் தெரியும்.

துரை வந்தார். சிவந்த முகம், சாந்தமான குரல். கூட ஆதிகேசவன் என்று ஒரு குமாஸ்தா, அரக்கோணத்துக்காரர். துரை பேசுவதைத் தமிழாக்குவதும், தமிழை இங்கிலீஷாக்குவதும், நடுவில் வேண்டாததை விழுங்கிவிடுவதும் அவர் வேலை.

"ஒனக்கு இந்த எடமெல்லாம் அத்துப்படியா?" என்றார் குமாஸ்தா வண்டி ஏறும்போதே.

"ஐயா, நவாப்பு உயிரோட வந்தா அவருக்கே நான்தான் வழி காட்டணும்."

"வாய் ஜாஸ்தி ஒனக்கு."

"கால் கம்மி ஐயா. அதான் வாய்ல சேத்துக் குடுத்துட்டாரு ஆண்டவர்."

குமாஸ்தாவே சிரித்துவிட்டார்.

அன்று தேவசகாயம் காட்டினதைப் போல எவனும் எதையும் காட்டியிருக்கமாட்டான். தெரு முனையில் நின்றே தறிக்குழியைப் பற்றிச் சொன்னான், தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டியை முகர்ந்தே எத்தனை நாள் ஊறல் என்று சொன்னான். டெல்லி கேட்டின் மேலே துரையை ஏற்றி, ஆறு வளைகிற இடம்வரை காட்டினான். துரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் பித்தளை வில்லை தன் நெஞ்சுக்கு ஒரு சாண் கிட்டே வந்ததாக அவனுக்குப் பட்டது.

அரண்மனைக்கு வந்தார்கள். துரை ஒரு பழைய படத்தை விரித்தார். படத்தில் ஒரு சுவர் இருந்தது. எதிரே பார்த்தால் எருக்கஞ்செடிதான் இருந்தது. துரை ஏதோ கேட்டார். குமாஸ்தா யோசிக்கவே இல்லை. இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு, தேவசகாயத்தின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"செவுரு எங்கன்னு கேக்கறாரு. ஆத்து வெள்ளத்துல அடிச்சிட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேன். நீயும் ஆமான்னு தலைய ஆட்டு."

நல்ல புத்திதான் சொன்னார். ஊரில் பாதிப்பேரைக் காப்பாற்றுகிற பொய் அது. துரையும் சரி என்று படத்தை மடிக்கப் போனார்.

ஆனால் தேவசகாயத்துக்குப் பொறுக்கவில்லை. வெள்ளமா? அந்த மேட்டில் வெள்ளம் ஏறினதை எவன் பார்த்தான்? நாளைக்கு வேறு ஒருவன் வந்து, 'இங்கே தண்ணீரே வரவில்லை, உங்களுக்கு வழி காட்டினவன் ஒன்றும் தெரியாதவன்' என்று துரையிடம் சொன்னால்? ஒன்றும் தெரியாதவனுக்கா வில்லை கொடுப்பார்கள்? அதோடு, தான் ஒன்றும் திருடவில்லையே. விழுந்து மண்ணாய்ப் போக இருந்ததை எடுத்து நிமிர்த்தி வைத்திருக்கிறான். காவல் என்றால் வேறு என்ன? சர்க்கார் இப்போதுதான் காவல் போட யோசிக்கிறது. அவன் இருபது வயதிலிருந்தே காவல் காத்துக்கொண்டிருக்கிறான்!

"நோ வாட்டர் சார்!" என்றான் உரக்க. "வாட்டர் நோ கம். பிரிக் ஆல் சேஃப். மை ஹவுஸ்!"

குமாஸ்தாவின் முகம் செத்துப்போயிற்று. "டேய், சும்மா இருடா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. லியாகத் அலி குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். துரை படத்தை மறுபடி விரித்தார்.

சேரிக்குத் துரை வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. அமிர்தவள்ளி அவசரமாகப் பாயை உதறிப் போட்டாள். துரை உட்காரவில்லை. சுவர் ஓரமாகவே நடந்தார். ஒரு கல்லின்மேல் கையை வைத்து அளவு பார்த்தார். தாமரைப்பூவின் கீழே வெகுநேரம் நின்றார். படத்தில் அதே பூ இருந்தது. தேவசகாயம் பின்னாலேயே போய், எந்தக் கல் எந்தச் சுவரின் கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். புறப்படும்போது துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வெள்ளைக்காரன், தோல் ஷாப்பில் வெந்த அந்தக் கையை!

வண்டி போனதும் அவன் பெண்சாதியிடம் சொன்னான்: "வில்லை என்துதான்டி. கைய குடுத்துட்டாருல்ல!"

"கைய குடுத்தாரு சரி. ஏன்யா அவரு மூஞ்சில சிரிப்பே இல்ல?"

"அவுங்க சாதியே அப்படித்தான். சிரிக்கமாட்டாங்க."

மழை தொடங்குகிற சமயத்தில் குமாஸ்தா திரும்ப வந்தார். கூட ஒரு போலீஸ்காரன், பின்னால் மாட்டுவண்டிகள், கடப்பாரையோடு கூலிகள். வில்லை அவர் கையில் இருக்கிறதா என்றுதான் தேவசகாயம் முதலில் பார்த்தான்.

குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கல்லெல்லாம் சர்க்கார் சொத்து. எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வைக்கணும்னு உத்தரவு. நியாயமா பாத்தா ஒன்ன ஜெயில்ல போட்டிருக்கணும். நீயா உண்மைய சொன்னதால துரை மன்னிச்சுட்டாரு."

"அப்ப வில்லை?"

"இன்னாது?"

"வில்லை ஐயா. காவல் வேலை."

குமாஸ்தா அவனையே பார்த்தார். "வூடு போவுதுடா பைத்தியக்காரா. அதைக் கேக்கமாட்டியா? வேலை எங்க ஊர்க்காரன் ஒருத்தனுக்கு ஆயிட்டுது. அன்னிக்கே தலைய ஆட்டுடான்னேன். கேட்டியா?"

"ஊர்ல எல்லார் வூட்லயும் இந்தக் கல்லுதான் ஐயா. கெணத்துல பாருங்க. பாலத்துல பாருங்க."

"பூசியிருக்குதே. எப்படிப் பாக்கறது?" என்றார் குமாஸ்தா.

கூலிகள் கடப்பாரையைத் தூக்கினார்கள். முதல் அடியிலேயே இரண்டு கல் நொறுங்கியது. தேவசகாயம் ஓடிப்போய்க் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான். "ஒடைக்காதீங்கடா, நானே எடுக்கறேன்" என்றான். கட்டினவனுக்குத்தான் பிரிக்கத் தெரியும். மேலேயிருந்து ஒவ்வொரு கல்லாய் உருவி, கை மாற்றி, வண்டியில் அடுக்கிக் கொடுத்தான். அமிர்தவள்ளி பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றாள். தாமரைப்பூவை எடுக்கும்போது மட்டும், "அதையாவது வுடச் சொல்லுய்யா" என்றாள். அவன் கேட்கவில்லை. அதுவும் வண்டியில் போயிற்று.

சுவரைத் திரும்பக் கட்ட எவனும் வரவில்லை. அதற்குப் பணம் வரும் என்றார்கள். சண்டை வந்தது, பணம் வரவில்லை. கல் எல்லாம் அரண்மனை ஓரத்தில் குவியலாய்க் கொட்டிக் கிடந்தது. காவலுக்கு வந்த அரக்கோணத்துக்காரன் வேப்பமரத்தடியில் வில்லை மின்னத் தூங்கினான். நல்ல கல்லாய்ப் பார்த்து ராத்திரியில் எவனெவனோ எடுத்துப் போனான். தேவசகாயம் சேரியின் கோடியில் ஓலைக்குடிசை போட்டுக்கொண்டான். கால் இன்னும் மோசமாயிற்று. ஆனாலும் வண்டி ஏறாமல் என்ன செய்வது? லியாகத் அலி அவனை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைப்பான்.

அமிர்தவள்ளி குளிர் ஜுரத்தில் போய்ச் சேர்ந்தாள். ஓலை ஒழுகின மழைக்காலம் அது. அடக்கம் பண்ணின மறுநாளே ஸ்டேஷனில் ஆள் வந்திருந்தது. போனான்.

மதராஸிலிருந்து வந்த குடும்பம். வக்கீல் ஒருவர், அவர் சம்சாரம், மைத்துனன். நெசவுத் தெரு, தோல் ஷாப்பு எல்லாம் பார்த்துவிட்டு மூக்கைத் துணியால் மூடியபடியே அரண்மனைக்கு வந்தார்கள். குவியலுக்குப் பக்கத்தில் வக்கீல் நின்றார்.

"ஏம்ப்பா, இந்தக் கல் மட்டும் கரி பிடிச்சுக் கறுப்பா இருக்கே?"

அமிர்தவள்ளியின் அடுப்பு மூலைக் கல் அது. லியாகத் அலி வண்டியிலிருந்தபடியே அவன் முகத்தைப் பார்த்தான்.

"அது நவாப்பு சமையல்கட்டுங்க" என்றான் தேவசகாயம்.

"ஓகோ! என்ன சமைச்சிருப்பா?" என்றாள் வக்கீலின் சம்சாரம், துணியை விலக்காமலே.

அந்த அடுப்பில் கேழ்வரகுக் களியைத் தவிர வேறொன்றும் வெந்ததில்லை. அதுவும் எல்லா நாளும் இல்லை.

"தெனமும் பிரியாணிதாங்க" என்றான். "அண்டா அண்டாவா."

மூன்று பேரும் சிரித்தார்கள். மைத்துனன் அந்தக் கறுப்புக் கல்லைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

"வாங்க, வெயில் ஏறுது. குயவர் தெரு பாக்கணும்" என்று தேவசகாயம் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.