ஏழாம் நம்பர் சீட்டில் ஒரு பி.ஆர்.பி.

பி.காம். முடித்த கையோடு வேலூரில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் லாட்ஜுகளுக்கு நடுவே இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து மூன்று வாக்கில். ஆம்பூரிலிருந்து தினமும் பஸ். தோல் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஈரத்தில் நின்ற அப்பாவுக்கு, மகள் ஏசி ரூமில் உட்கார்ந்து சம்பாதிப்பதில் தலைகால் புரியாத பெருமை.

எனக்கு அந்த ரூமில் எரிச்சல்தான் அதிகம். சாட் செய்கிறவர்களின் பாஷையைக் கண்டாலே ஆகாது. 'லோல்' என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று அர்த்தமாம். அதைத் தட்டுகிற முகங்களை நேரில் பார்த்தவள் நான், ஒருத்தர்கூடப் பல்லைக் காட்டியதில்லை. அதைவிட மோசம் பி.ஆர்.பி. 'இதோ வந்துடறேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம். காலேஜ் பையன்கள் ஒருத்தியிடம் அதைத் தட்டிவிட்டு, திரையில் அடுத்த ஜன்னலைத் திறந்து இன்னொருத்தியிடம் கடலை போடுவார்கள். சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள், அப்புறம் எங்கிருந்து வருவது?

ஏழாம் நம்பர் சீட்டுக்கு ஒரு வங்காளத்து அம்மா தினமும் பதினோரு மணிக்கு வருவார். கணவருக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்ய அழைத்து வந்திருந்தார். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த மகள் ஊரில் பெரியம்மா வீட்டில். அவளும் அதே நேரத்துக்கு அங்கே ஒரு பிரவுசிங் சென்டருக்கு வருவாள். தெருவில் விளையாடிக் கற்ற என் உருதுவும் அந்த அம்மாவின் இந்தியும் சேர்ந்து இவ்வளவும் பேசிக்கொண்டோம்.

ஆபரேஷன் அன்றைக்கும் வந்தார். கணவரை விடிகாலையிலேயே உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தங்கியிருந்த லாட்ஜில் அடுத்த அறையில் இருந்த பெண் எங்கள் கடைக் கதவைத் திறந்து, டாக்டர் உடனே கூப்பிடுகிறார் என்றாள். அந்த அம்மா மூன்றே எழுத்தைத் தட்டினார். "மூடிடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினார். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைக்கூட மாட்டவில்லை.

ஆள் எழுந்தால் ஜன்னலை மூடி அடுத்தவருக்கு சீட்டைத் தர வேண்டும், அதுதான் கடைச் சட்டம். பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் போய் ஏழில் உட்கார்ந்துகொண்டேன்.

'மா?' என்று வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு வங்காள மொழி தெரிய வேண்டியதில்லை. பி.ஆர்.பி. என்று தட்டினேன். 'ஓகே' என்றாள். பத்து நிமிஷத்தில் மறுபடி 'மா?' மறுபடி நான். மூன்றாவது தடவை ஆங்கிலத்தில் கேட்டாள்: 'நீ மா இல்லை. மா இவ்வளவு வேகமாகத் தட்ட மாட்டாள். யார் நீ?'

ஒரு வரி தட்டினேன், அழித்தேன். டாக்டர் கூப்பிட்டார் என்றால் பயந்துவிடுவாள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நான் யார்? கடைசியில், 'கடையில் வேலை செய்கிறவள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இந்த சீட்டை யாருக்கும் தர மாட்டேன். பி.ஆர்.பி.' என்று போட்டேன்.

'சரி. நானும் எழுந்திருக்க மாட்டேன்' என்றாள்.

முதலாளி பாய் வந்தார். "இன்னாம்மா, ஆளே இல்லாத சீட்டுக்கு நீ காவலா? நாலு பேரு நிக்கிறாங்க, ஒரே பேஜாரா கீது."

விஷயத்தைச் சொன்னேன். திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, "ஏழு காலியாவாதுப்பா. ஆள் இருக்குது" என்றார். கவுன்ட்டரை அவரே பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவள் கேள்விக்குறி வைத்து 'பி.ஆர்.பி.?' என்பாள். நான் கேள்விக்குறி இல்லாமல் அதையே திருப்பித் தட்டுவேன். வேறு ஒரு சொல் கிடையாது. எங்கள் வீட்டில் முக்குக் கடைக்குக் கிளம்பினால்கூட 'போறேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம், 'போய்ட்டு வர்றேன்'தான். ஆபரேஷன் அறையில் படுத்திருக்கும் அந்த மனிதரும் காலையில் தன் பாஷையில் ஏதோ அப்படித்தான் சொல்லியிருப்பார். டைப் அடிக்கச் சோம்பல்பட்டவர்களின் விளையாட்டு என்று நான் நினைத்திருந்த மூன்றெழுத்து, முகம் தெரியாத ஒரு பெண்ணை எங்கேயோ ஒரு நாற்காலியில் பிடித்து உட்கார வைத்திருந்தது. என்னையும்தான். அவள் ஊர்க் கடைக்காரரும் அவளை எழுப்பவில்லை போலும். எனக்கு மெய்சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது. அந்த அம்மா நல்ல சேதியோடு வராவிட்டால் நான் தட்டிய அத்தனையும் என்ன ஆகும்?

ஒன்றரை மணிக்கு மேல் கதவு திறந்தது. பாதமெல்லாம் தார்ரோட்டுக் கறுப்பு. "இன்னும் ரத்தம் ஏற்ற என் கையெழுத்து வேண்டும் என்றுதான் டாக்டர் கூப்பிட்டார். இப்போது கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது" என்றார். நான் எழுந்து சீட்டை விட்டேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தேடித் தட்டினார். நான் திரையைப் பார்க்கவில்லை. அது அவர்களுடையது.

கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மகள் எனக்கும் ஒரு வரி அனுப்பியிருந்தாளாம். அவரே படித்து இந்தியில் சொன்னார்: "அக்கா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க, முதல்ல அவங்களைச் சாப்பிடச் சொல்லும்மா."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.