கரி பஸ் பாட்டும் என் கைவண்ணமும்

இரண்டாம் உலக யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல், புதுக்கோட்டையில் ஓடிய பஸ்களெல்லாம் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போது இருபது வயது. சமஸ்தானத்து ஆபீஸ் ஒன்றில் நகல் எழுதும் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதற்காகவே கிடைத்த வேலை. படமும் வரைவேன். இந்த இரண்டிலும் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல கர்வம். அதற்கு விழுந்த அடியைத்தான் சொல்லப்போகிறேன்.

என் நண்பன் ஒருவன் பள்ளிக்கூட வாத்தியார். பிரமாதமாகப் பாடுவான். குழந்தைகள் பாட்டுக் கற்றுக்கொள்ள அவர்களுக்கென்று ஒரு புத்தகம்கூட இல்லையே, இருப்பதெல்லாம் பெரியவர்களுக்காக எழுதியதாக இருக்கிறதே என்று ஓயாமல் புலம்புவான். ஒருநாள், "நாமளே ஒண்ணு போட்டா என்னடா?" என்றான். அச்சடிக்கக் காகிதம் கிடைக்காத காலம். அதனால் கையெழுத்துப் பத்திரிகை என்று முடிவாயிற்று. பாட்டெல்லாம் அவன் பொறுப்பு, பக்கங்களை அமைத்து எழுதிப் படம் போடுவது என் பொறுப்பு. "பார்த்தவுடனே பிள்ளைங்க கையை நீட்டிப் பிடுங்கணும், அப்படி இருக்கணும்" என்பது மட்டும்தான் அவன் எனக்குச் சொன்ன நிபந்தனை.

மாதம் மூன்று பிரதிகள் எழுதுவேன். ஒன்று டவுனுக்குள் சுற்றும். ஒன்று அன்னவாசல் வழியாகக் குன்றாண்டார்கோவில் பக்கம் போகும். மூன்றாவது திருமயம் பக்கத்து ஊர்களுக்கு. பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவோம். ஒரு வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். ஒரு பிரதி ஊர் சுற்றித் திரும்பி வரும்போது ஓரமெல்லாம் கிழிந்து, பொரி உருண்டைப் பிசுக்கோடு வரும். எனக்கு அதில் பரம சந்தோஷம்.

நாலாவது இதழுக்கு நண்பன் புதிதாக ஒரு பாட்டுக் கட்டினான். கரி பஸ்ஸைப் பற்றி. "கரி தின்னும் பஸ்ஸு, கடகட பஸ்ஸு, மேடு வந்தா எறங்கச் சொல்லும் மகராசி பஸ்ஸு" என்று தொடங்கும். மோகன ராகம், ஆதி தாளம். கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரைந்தேன். இந்த மூலையில் பஸ். அதன் முதுகிலிருந்து கிளம்பும் புகை சுருள் சுருளாக அந்த மூலை வரைக்கும் போகும். ஒவ்வொரு புகைச் சுருளுக்குள்ளும் ஒரு ஸ்வரம். ஸ என்று ஒரு சுருள், ரி என்று ஒரு சுருள். கீழே பாட்டு வரி.

ஒரே ஒரு இடைஞ்சல். நண்பன் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஸ்வரங்களுக்கு நடுவே ஆங்காங்கே கமாக்கள் கிடந்தன, செங்குத்தாகச் சில கோடுகளும் நின்றன. என் புகைக்கு நடுவே அவற்றைப் போட்டுப் பார்த்தேன், கரித்தூள் சிந்தியது போல் அசிங்கமாக இருந்தது. ஆபீஸில் எங்கள் பெரிய குமாஸ்தா கண்ட இடத்தில் கமா வைப்பார். அதையெல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமாக நகல் எழுதுவதுதான் என் தினசரி வேலை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது.

நண்பன் வந்து பார்த்தான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, பக்கத்தைப் பார்த்தபடியே முழுப் பாட்டையும் பாடினான். "பிரமாதம்டா!" என்று என் முதுகில் தட்டினான். அவன் பக்கத்தைப் படிக்கவில்லை, மனசில் இருந்ததைப் பாடினான் என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மூன்று பிரதிகளும் கிளம்பிப் போயின. இரண்டு வாரம் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. திருமயம் பக்கத்து ஊரிலிருந்து பதினோரு வயதுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். போன வருஷம்தான் யுத்தத்துக்குத் தப்பி ரங்கூனிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். அங்கே சரளி வரிசையெல்லாம் முடித்துக் கீதம் வரைக்கும் பாட்டுப் படித்திருக்கிறாள். இங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, எங்கள் பத்திரிகைதான் அவளுக்கு வாத்தியார். டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்து சரஸ்வதி பூஜையில் பாட்டுப் போட்டி வைக்கிறார்கள். அதில் கரி பஸ் பாட்டைப் பாடப்போகிறாள். நன்றாகப் பாடினால், அவளை டவுனில் அத்தை வீட்டில் விட்டு முறையாகப் பாட்டுச் சொல்லிவைப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். "நீங்கள் அவசியம் வந்து கேட்க வேண்டும்" என்று முடித்திருந்தாள்.

அந்தக் கார்டை ஆபீஸ் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. நாங்கள் இருவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அந்தப் பெண் வந்தாள். பச்சைப் பாவாடை, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. குரல் எடுத்ததும் ஹால் அமைதியாகிவிட்டது, அவ்வளவு சுத்தமான குரல். ஆனால் முதல் வரி முடிவதற்குள்ளேயே ஏதோ கோணல். மிருதங்கக்காரர் ஒரு பக்கம் போகிறார், இவள் அவருக்கு முன்னால் வரியை முடித்துவிட்டு நிற்கிறாள். அடுத்த வரியில் இன்னும் முன்னால். அவர் பாவம், இரண்டு தரம் அவளோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். தாளம் தெரியாத பெண் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன்.

அவள் பாதியில் நின்றுவிட்டாள். முன்வரிசையிலிருந்து அவள் அப்பா எழுந்து போய், "வா ஆத்தா, போவோம்" என்று அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

பக்கத்தில் நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. "நம்ம இதழ் இருக்காடா?" என்றான். டவுன் சுற்றித் திரும்பியிருந்த பிரதியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புகைப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தான்.

"இதுல கமாவெல்லாம் எங்கடா?"

"அதுவா, அழகா இல்லைன்னு எடுத்துட்டேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோடுகள் தாளம் பிரியும் இடமாம், அந்தக் கமா ஒவ்வொன்றும் ஒரு எண்ணிக்கையாம். முன்னால் இருக்கிற ஸ்வரத்தை இன்னும் ஒரு எண்ணிக்கைக்கு இழுக்க வேண்டும் என்று அர்த்தமாம். எட்டு எண்ண வேண்டிய வரியில் ஒரு கமாவை எடுத்தால் ஏழுதான் மிஞ்சும், இரண்டை எடுத்தால் ஆறு. அந்தப் பெண் நான் எழுதியதை அட்சரம் பிசகாமல் பாடியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பனின் மூலக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குக் கிளம்பினேன். அவனும் வருகிறேன் என்றான். வேண்டாம், கெடுத்தவன் நான், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வழியில் இரண்டு மேட்டில் எல்லோரும் இறங்கி பஸ்ஸைத் தள்ளினோம். அவள் அப்பா என்ன சொல்வாரோ என்ற பயத்தில், பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் தேவலை என்றிருந்தது.

"எங்கிட்டு இருந்து வாரீங்க தம்பி?" என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா. சொன்னேன். அவர் முகம் இறுகியது. ஆனாலும் முதலில் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம்தான் பேசினார்.

"ரங்கூன்ல கடை, வீடு, எம்மக வாசிச்சுக்கிட்டு இருந்த ஆர்மோனியம், எல்லாத்தையும் போட்டுட்டு நடந்து வந்தோம். அப்பக்கூட நான் தலை குனியலை. அன்னைக்கு அந்த ஹால்ல குனிஞ்சேன். இனிமே இந்த வீட்டுல பாட்டுப் பேச்சு வேண்டாம்."

"தப்பு ஒங்க மக மேல இல்லீங்க, எம்மேல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கமாவை எடுத்ததைச் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைக்க முடியவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் மெல்ல வந்தாள். "படம் வரைஞ்ச அண்ணனா? பஸ்ஸு ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணே" என்றாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"பாடிப் பார்க்கும்போது ஒனக்கு வித்தியாசமாத் தெரியலையாம்மா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுச்சு. ஏழுதான் வந்துச்சு, எட்டு வரலை. நாலு நாளு எண்ணிப் பாத்தேன். பத்திரிகையில எழுதுறவங்களுக்குத் தெரியாதா, எனக்குத்தான் எண்ணத் தெரியலைன்னு விட்டுட்டேன்."

அவள் அப்பா சட்டென்று திரும்பினார். "இதை ஏன் ஆத்தா எங்கிட்ட சொல்லலை?"

"சாக்குச் சொல்றேன்னு நெனப்பீங்கன்னுதான்."

நான் நண்பனின் காகிதத்தை அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். கமாக்களைப் பார்த்ததும் அவள் கண் விரிந்ததே, அதை எழுதத் தெரியவில்லை எனக்கு. உள்ளே ஓடிப்போய் ஒரு கரித்துண்டை எடுத்து வந்து, முற்றத்தில் வரிசையாக எட்டுக் கட்டம் போட்டாள். பாண்டி ஆடுகிற மாதிரி ஒவ்வொரு கட்டமாகக் குதித்துக்கொண்டே பாடினாள். ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்வரம். கமா வந்த இடத்தில் அடுத்த கட்டத்துக்குக் குதித்தாலும் புது ஸ்வரம் இல்லை, பழையதையே இழுத்துக்கொண்டு போனாள். எட்டாவது கட்டத்தில் வரி கச்சிதமாக முடிந்தது. திரும்பி அடுத்த வரி. அதுவும் எட்டில் முடிந்தது.

"இப்படிக் கட்டம் போட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்ல அண்ணே? வெறுங்கட்டம் கண்ணுல பட்டிருக்கும்" என்றாள் மூச்சு வாங்க.

அவள் அப்பாவின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். "இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே, அது பெரிசு தம்பி. ஆனா எங்கிட்ட சொல்லி என்ன? நானா சிரிச்சேன்?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியோடுதான் வந்தேன்.

அடுத்த இதழுக்கு ஏற்கெனவே அட்டை தயாராக இருந்தது. கோயில் யாளிகளெல்லாம் கூடிக் கச்சேரி செய்வது போல் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த படம். அதைத் தூக்கி அலமாரியில் வைத்தேன். வெள்ளைக் காகிதத்தில், படம் எதுவும் இல்லாமல், இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில் இப்படி எழுதினேன்: "சரஸ்வதி பூஜையன்று கரி பஸ் பாட்டுப் பாடிய பெண் தப்பாகப் பாடவில்லை. இந்தப் பத்திரிகையில் இருந்ததை அப்படியே பாடினாள். தப்பாக எழுதியவன் நான். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்." கீழே என் முழுப் பெயர்.

நண்பன் தயங்கினான். "அட்டையிலயா? கடைசிப் பக்கத்துல சின்னதாப் போடேன். நம்ம பத்திரிகையை அப்புறம் யாரு நம்புவா?"

"சிரிச்சவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படணும்டா" என்றேன். அவனும் யோசித்துவிட்டு, தன் பெயரையும் என் பெயருக்குக் கீழே எழுதினான். சரிபார்த்தவன் என்று.

உள்ளே அதே பாட்டை மறுபடி எழுதினேன். வரிக்கு எட்டுக் கட்டம், அந்தப் பெண் போட்ட மாதிரியே. வெறுங்கட்டங்களில் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. பஸ்ஸை ஓரமாக ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் பத்திரிகையில் கடைசிச் சில பக்கங்களை வாசகர்கள் தங்கள் அபிப்பிராயம் எழுதுவதற்காக வெறுமையாக விடுவது வழக்கம். ஒரு மாதம் கழித்துத் திருமயம் பக்கம் போன பிரதி திரும்பி வந்ததும் நேராக அந்தப் பக்கங்களைத்தான் பிரித்தேன். கட்டத்தில் குதித்துப் பாடிப் பார்த்ததாகப் பிள்ளைகள் கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள். ஒரு பையன், அட்டையில் படம் இல்லாதது மோசடி என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே பெரியவர் ஒருவரின் கையெழுத்தில் இரண்டே வரி.

"என் மகள் அதே ஹாலில் மறுபடி பாடுவாள். எந்த நாள் என்று தெரிவிக்கவும்."

அதை நண்பனிடம் காட்டினேன். அன்று சாயங்காலமே இருவரும் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மாவைப் பார்க்க ஓடினோம். அவர் டவுன் பிரதியின் அட்டையை முன்னமே பார்த்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை வணக்கத்துக்குப் பிறகு நேரம் ஒதுக்கினார். அதே மிருதங்கக்காரர் சொல்லியனுப்பாமலே வந்து உட்கார்ந்தார். அவள் பாடினாள். இந்தத் தடவை அவளும் மிருதங்கமும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தார்கள். முடிந்தபோது முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்களெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்று ஒரே கூச்சல். நான் அழுதேன். சொல்ல வெட்கமாக இல்லை.

வெளியே வந்ததும் அவள் அப்பா என்னிடம், "அடுத்த மாசம் என்ன பாட்டுப் போடப்போறீங்க?" என்று மட்டும் கேட்டார். அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பத்திரிகையை நடத்தினோம். பாட்டை ஏற்கெனவே அறிந்தவர்கள் பக்கத்தைப் பார்க்காமல் மனசிலிருந்தே பாடிவிடுவார்கள் என்பதால், அவர்களிடம் காட்டிச் சரிபார்ப்பதை அடியோடு விட்டுவிட்டோம். எந்தப் பக்கமும் முதலில் அவளிடம்தான் போகும், அவள் அதுவரை கேட்டிராத பாட்டாக இருக்க வேண்டும். பார்த்துப் பாடிவிட்டு ஓரத்தில் தாட்சண்யமே இல்லாமல் எழுதி அனுப்புவாள். "அணில் வாலைக் குறைக்கவும். மூன்றாவது கட்டம் மறைகிறது." நான் மறுபேச்சுப் பேசாமல் வாலைக் குறைப்பேன்.

எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவர்கள் எழுதியவனைத் திட்டுவார்கள், குழந்தைகளோ தங்களையே திட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். இன்றைக்கும் ஒரு குழந்தைக்காக நாலு வரி எழுத உட்கார்ந்தால், தனக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று நாலு நாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த அந்தப் பெண் என் எதிரில் வந்து நிற்கிறாள், நான் எழுதியதை இன்னொரு தரம் படித்துப் பார்க்கிறேன்.