ராஜா இறங்காத கல்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போனவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள். தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக இளவட்டங்கள். அதில் ஒரு பெண்ணின் சைக்கிளில் செயின் கழன்று கிடந்தது. எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. பால் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து, பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலை ஒரு சுற்று சுற்றினேன். செயின் ஏறிக்கொண்டது. இடுப்புதான் நிமிர மறுத்தது.

"தேங்க்ஸ் அங்கிள். நாங்க ராஜா கல்லு பாக்கப் போறோம். அந்தக் காலத்துல ராஜா குதிரையில இருந்து இறங்கின கல்லு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமாவாம்! அந்த ராஜாவைக் குதிரையில் ஏற்றியதும் நான்தான், இறக்கியதும் நான்தான். ஆனால் அதை ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்ல? கைவிரலில் ஒட்டியிருந்த செயின் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாசனை இருக்கிறதே, அது என்னை நேராகச் சானல் கரைக்கு, அந்தப் பாசனக் கால்வாய் ஓரத்துக்கு, கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. ஆங்கிலத்தில் ஒரு பேப்பர் பாக்கி. கன்னியாகுமரியில் ஒரு விடுதிக்காரர் எட்டு சைக்கிள் வாங்கிப்போட்டு, வருகிற தமிழ் தெரியாத விருந்தாளிகளை நாஞ்சில் நாட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஆள் தேடினார். ஆங்கிலம் பேச வேண்டும், பஞ்சர் ஒட்டத் தெரிய வேண்டும். எனக்கு இரண்டாவது நன்றாகத் தெரியும்.

சானல் கரை என்றால் இப்போதைய சானல் கரையை நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு அதில் பஸ் கிடையாது, லாரி கிடையாது, எதிரே வந்தால் ஒரு மாடு வரும். ஒருபக்கம் கால்வாய்த் தண்ணீர், மறுபக்கம் வயல். சுசீந்திரம் கோபுரம் கொஞ்சநேரம் வலப்பக்கம் நிற்கும், கரை வளைந்ததும் பின்னால் வந்துவிடும். வழியில் ஒரு கல்மண்டபம், பாசி பிடித்த படித்துறை, எவரும் படிக்காத ஒரு கல்வெட்டு. எல்லாவற்றுக்கும் நான் கதை வைத்திருந்தேன். பாதி யாரோ சொன்னது, மீதி சைக்கிள் மிதிக்கும்போதே முளைத்தது.

அந்தக் கரையில்தான் அந்தச் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைப் படுக்கவைத்தது. மார் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள், இறக்கிவிட ஆளில்லாவிட்டாலும், அதன்மேல் தாங்களே சாய்த்து வைத்து இளைப்பாறலாம். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சியாகச் செத்துப்போகிற பெண்ணுக்காக அதைப் போடுவார்கள். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவள். ஊரார் சுமையை இறக்கி வைத்தால் அவள் பாரம் குறையும் என்று ஒரு நம்பிக்கை. கல்லில் பெயர் எதுவும் இருக்காது. ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அது, கரையோரத்தில் குடியிருந்த செல்லத்தாய் அக்காவின் அம்மாவுக்குப் போட்ட கல். அக்காவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, அடுத்த பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே அம்மா போய்விட்டாள். போட்டோ ஒன்றும் கிடையாது. அக்கா கரையில் பசுவுக்குப் புல் அறுப்பாள். புல்லுக்கட்டைச் சுமந்து வந்து அந்தக் கல்லில் சாய்ப்பாள். "எங்கம்மை இறக்கி விடுதா பாத்தியா" என்பாள். நான் விருந்தாளிகளுடன் போவதற்கு முன்பே, ஒத்தையில் வழி பார்க்கப் போன அன்றே என்னிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தாள். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

முதல் கூட்டத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருந்தது. இது என்ன கல் என்று கேட்டார்கள். கைகோத்து நிற்கிற பிள்ளைகளிடம் பிள்ளைத்தாச்சி செத்த கதையைச் சொல்லவா? வாய் தானாகத் திறந்தது. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து ராஜா சுசீந்திரத்துக்குக் குதிரையில் வருவார், இந்தக் கல்லில் கால் வைத்துத்தான் இறங்குவார் என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டேன். ஒரே குஷி அவர்களுக்கு. அந்தப் பையன் கல்லின்மேல் ஏறிக் குதிரை ஓட்டுவதுபோல உட்கார்ந்தான். போட்டோ எடுத்தது நான்.

நிமிர்ந்து பார்த்தால் புல்லுக்கட்டோடு அக்கா நிற்கிறாள்.

"மக்கா, அவியட்ட என்னவாக்கும் சொன்ன?"

"உங்க அம்மைக்க கல்லுன்னுதான் சொன்னேன் அக்கா. வெளியூர்க்காரங்க பாத்தீங்களா, மரியாதை தெரியாம ஏறிட்டான்."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "கெடக்கட்டு, சின்னப் பிள்ளையளு. எங்கேயோ உள்ளவிய வந்து எங்கம்மையைப் பாக்காவளே" என்றாள். அடுத்த வாரம் தூக்குவாளியில் மோரோடு காத்திருந்தாள். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர். பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் தன் கையால் ஊற்றிக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கல்லைத் தொட்டபடி, அம்மாவின் பெயரைச் சொல்லித் தொடங்கி அவள் எந்த ஊர்க்காரி, எப்படிப் போனாள் என்று நிதானமாகச் சொல்வாள். விருந்தாளிகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். ராஜா பரிவாரத்துக்கு இவள் குடும்பம்தான் பரம்பரையாக மோர் கொடுத்தது என்று நான் மொழிபெயர்ப்பேன். அவர்கள் கைகூப்புவார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எல்லாருக்கும் திருப்தி. என்ன மூளை பாருங்கள் எனக்கு! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

இரண்டு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. விடுதிக்காரர் என் கதையை ஒரு துண்டுப்பிரசுரமாகவே அச்சடித்தார். கல்லில் கைவைத்தபடி என் படம். பிறகு பாக்கி பேப்பரை எழுதி முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகிவிட்டேன். கரைப் பக்கம் போவது நின்றது.

கரையை ரோடாக்க மண்வெட்டும் இயந்திரம் வந்த வருஷம், ஒரு மத்தியானம் அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"மக்கா, எங்கம்மைய பறிச்சு எடுத்துட்டுப் போயிட்டாவ. புதுசா வந்த ரிசார்ட்டுக்குள்ள வச்சிருக்காவ. வாச்மேன் உள்ள விடமாட்டேங்கான். நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. உனக்க பேச்சுன்னா கேப்பாவ."

போனோம். புல்தரையின் நடுவில் கல் நின்றது. பக்கத்தில் பளபளவென்று பலகை. மேலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மேசையிலிருந்து அந்தப் பழைய துண்டுப்பிரசுரத்தை எடுத்தார்.

"சார், நீங்கதான இது? உங்க கதைதான் சார் போர்டுல போட்டிருக்கு. ரோட்டுல நொறுங்கிப்போகாம நாங்க காப்பாத்தியிருக்கோம்." அக்காவின் பக்கம் திரும்பி, ராஜா, குதிரை, மோர் என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். "இந்தம்மா என்னமோ அவங்க அம்மா கல்லுங்கறாங்க."

அது பொய், நான்தான் கட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு சொல் போதும். ஆனால் சார் என்று ஒருத்தர் கையைக் குலுக்கியிருக்கிறார், நானோ வாத்தியார். "பாத்து ஏதாவது செய்யுங்க" என்று முனகினேன். சீ! இதைவிட ஊமையாக நின்றிருக்கலாம்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். கல் பறித்த குழிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"அப்போ, அவிய கைகூப்புனதெல்லாம் ராஜாவுக்காக்கும்?"

நான் அந்தக் குழியைப் பார்த்தேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட இத்தனை வருஷம் இது என்னோடு வந்திருக்காது. ஏழெட்டு வருஷத்தில் அக்காவும் போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. இருந்த வீடும் ரோட்டுக்குப் போனது.

"அங்கிள்?" சைக்கிள் பெண் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையாவது வாய் உருப்படியாகத் திறக்கட்டும் என்று நினைத்தேன்.

"அது ராஜா கல்லு இல்லம்மா. பிள்ளைத்தாச்சியா இறந்துபோன ஒரு அம்மாவுக்காகப் போட்ட சுமைதாங்கி. ராஜா கதை நான் கட்டிவிட்டது."

அவள் சிரிப்பாள், நம்பமாட்டாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவளோ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டாள். "அய்யோ, அப்படியா? எங்க குரூப்ல போடுறேன் அங்கிள், எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். அவங்க பேரு என்ன?" போனை எடுத்து எழுதத் தயாராக நின்றாள்.

எத்தனை வாரம், எத்தனை கூட்டத்துக்கு முன்னால் அக்கா அந்தப் பெயரைச் சொல்லியிருப்பாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் நின்றேன். அடுத்து என்ன கதை விடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஊரில் அதை அறிந்த பெரியவர்களும் போய்விட்டார்கள், இனி கேட்பதற்கு ஆளில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.