‘இல்லி’ என்று சொன்ன கெம்பம்மா

1

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஏழு வயதுப் பெண் ஒருத்தியை வெயிலில் நிறுத்தினேன். அந்தச் சாதனையோடுதான் என் வாத்தியார் உத்தியோகம் ஆரம்பமாயிற்று.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. மாநில எல்லைப் பக்கத்தில், குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் நடந்தால் வரும் கிராமம். ஓராசிரியர் பள்ளி. ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு. ஹெட்மாஸ்டரும் நானே, மணி அடிப்பவனும் நானே. எனக்கு ஊர் கும்பகோணம் பக்கம். டிரெயினிங் ஸ்கூலில் ஆதாரக் கல்வி படித்திருந்தேன். கை, மனம், அறிவு மூன்றும் சேர்ந்து வளரவேண்டும், குழந்தையை மதித்துக் கற்பிக்கவேண்டும் என்று பரீட்சையில் நாலு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு நானே சாட்சி.

அட்டெண்டன்ஸ் எடுத்தேன். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து “உள்ளேன் ஐயா” என்று சொல்லவேண்டும். இரண்டாம் வகுப்பில் கெம்பம்மா என்று கூப்பிட்டேன். இறுக்கிப் பின்னிய ஜடையோடு ஒரு பெண் துள்ளி எழுந்தாள். சிரித்த முகமாக, “இல்லி” என்றாள்.

என் காதில் ‘இல்லே’ என்று விழுந்தது.

“என்ன சொன்னே?”

“இல்லி, சார்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். புது வாத்தியாருக்குக் கோபம் வர அது போதாதா? கண்ணெதிரே நின்றுகொண்டே இல்லை என்கிறாளே, என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இல்லேன்னா உனக்கு இங்கே என்ன வேலை? வெளியிலே போய் நில்லு” என்று சொல்லி, ரிஜிஸ்தரில் ஆப்சென்ட் போட்டேன்.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “சார், அவ கன்னடத்துல...” என்று இழுத்தாள்.

“கன்னடமும் வேண்டாம், கத்திரிக்காயும் வேண்டாம். இது தமிழ்ப் பள்ளிக்கூடம். வாயை மூடு” என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை அவள் முடிக்க விட்டிருந்தால் இதை நான் இன்று எழுதவேண்டி இருந்திருக்காது.

2

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் பெயரைக் கூப்பிட்டபோது கெம்பம்மா எழுந்து பேசாமல் நின்றாள். அதற்கும் ஆப்சென்ட். நாலாம் நாள் நான் சொல்வதற்கு முன்பே தானாக வெளியே போய் நின்றுகொண்டாள். ஐந்தாம் நாளிலிருந்து வரவில்லை.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அக்கறை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், வருகை குறைந்தால் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பாரே என்ற பயம்.

வாசலில் அவள் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“கெம்பம்மா இருக்காளா?”

“இல்லி” என்றாள் அந்த அம்மா.

வீட்டில் இல்லை போலிருக்கிறது என்று திரும்பி நடந்தேன். அந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு ஓடிவந்து, “இல்லி இதாளே, சார்! இல்லி!” என்று கதவைக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் கெம்பம்மா நின்றாள்.

தோட்டத்திலிருந்து வந்த அவள் அப்பா முனியப்பா சிரித்துக்கொண்டே விளக்கினார். “கன்னடத்துல இல்லின்னா இங்கன்னு அர்த்தம் சார். இங்கதான் இருக்கான்னு சொல்றா.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் நாள் அந்தக் குழந்தை என்னிடம் ‘இங்கே இருக்கிறேன்’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். நடந்தது முழுவதையும் முனியப்பாவிடம் சொல்லி, “தப்பு என்னுதுதாங்க, மன்னிச்சுக்குங்க” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. “என்னை எதுக்கு சார் கேக்கறீங்க? வெயில்ல நின்னது அவ. ‘சாருக்கு என்னைக் கண்டா ஆவல’ன்னு அழுவறா. நாங்க எவ்ளோ சொல்லியும் போவ மாட்டேங்கறா. அவ கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, வந்துருவா.”

கெம்பம்மா கதவை விட்டு ஓரடி முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் வாத்தியார் ஒரு பொடிசிடம் மன்னிப்புக் கேட்பதா? நாளைக்கு எவன் மதிப்பான்? விறைப்பாக, “சரி சரி, நாளைக்கு நேரத்தோட வந்து சேரு” என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

3

மறுநாள் அவள் வரவில்லை. அப்புறமும் இரண்டு தடவை போனேன். என்னைக் கண்டதும் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். கொஞ்ச நாளில் அம்மாவோடு களையெடுக்கப் போக ஆரம்பித்தாள். நானும் ரிஜிஸ்தரில் பெயரை அடித்தேன்.

ஒரு வருஷத்துக்குள் கன்னடம் பேசக் கற்றுக்கொண்டேன், பிறகு ஊரில் சில வீடுகளில் பேசிய தெலுங்கும். புதிதாக வேலைக்கு வரும் வாத்தியார்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகளின் பாஷை தெரியாதது பெரிய குற்றமில்லை, அதைப் படித்துக்கொள்ளலாம். ‘நான் செய்தது தப்பு, கண்ணு’ என்று குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த டிரெயினிங்கிலும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. பிற்பாடு எத்தனையோ பிள்ளைகளிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்தேன். ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததாக என்னை வழியனுப்பும்போது பாராட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் கெம்பம்மாவும் இருந்தாள். அவளுக்கு இன்னும் கைநாட்டுத்தான்.