இரண்டு கேபிள், ஒரு குழி

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு மேல் விளக்கப் போனால் ஓடாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உண்மையில் நான் தேடுவது ஒரு கடற்படைத் தளத்தின் பலவீனங்களை. வெளியிலிருந்து அதற்குள் போகிற மின்சாரம், தண்ணீர், டீசல் எல்லாம் எந்த இடத்தில் அறுந்தால் உள்ளே வேலை நிற்கும் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்க வேண்டும். தளம் எங்கே என்று எழுத மாட்டேன். மும்பையில் இருக்கிறது, அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

வேலிக்கு உள்ளே அவர்கள் ராஜாக்கள். கதவுக்குக் கதவு துப்பாக்கியோடு ஆள் நிற்கும். ஆனால் அவர்களுடைய ரேடாருக்கும் கப்பல் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற மின்சாரம் தாராவிப் பக்கம் கிளம்பி, சயான், சுனாபட்டி, செம்பூர் என்று நம்மைப் போலவே ஊர் சுற்றித்தான் போய்ச் சேர்கிறது. அந்தக் கேபிளுக்கு மேல் பானிபூரி வண்டி நிற்கும். கணபதிப் பந்தலுக்குக் கம்பம் நடுவார்கள். தண்ணீர்க் குழாய்க்காரர்கள் தோண்டுவார்கள். அங்கே துப்பாக்கிக்காரர் கிடையாது, நான்தான் இருக்கிறேன், ஒரு ஹெல்மெட்டும் வரைபடமும் வைத்துக்கொண்டு. கேட்டுக்கு முதுகைக் காட்டி வெளியே நடந்து, இந்த இடத்தில் என்ன நடந்தால் உள்ளே விளக்கு அணையும் என்று ஒவ்வொரு அடிக்கும் கெட்ட புத்தியோடு யோசிக்க வேண்டும். எனக்குப் பிறவியிலேயே கெட்ட புத்தி என்று அம்மா சொல்வாள். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதில் எனக்கு அடங்காத சந்தோஷம்.

இது நடந்தது ஒரு மே மாதக் கடைசியில். மழைக்கு முன்னால் மும்பையில் ரோடு தோண்டுவதை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு, அவசர ரிப்பேர் தவிர, மழை முடியும்வரை யாரும் கடப்பாறை போட முடியாது. அன்றைக்குத் தடை தொடங்க நான்கு நாள் இருந்தது. எங்கள் வருடாந்தர அறிக்கையும் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அதில் உயிரான வரி ஒன்று உண்டு: தளத்துக்கு இரண்டு மின்கேபிள்கள், இரண்டும் வெவ்வேறு வழியில் வருகின்றன, ஒன்று மெயின் ரோடு ஓரமாக, இன்னொன்று ரயில் பாதை ஓரமாக. ஒன்றை யாராவது வெட்டிவிட்டாலும் இன்னொன்று ஓடும். இரண்டு வருடம் முன்னால், கேபிள்கள் போட்டு முடித்த கையோடு, கான்டிராக்டர் நீட்டிய வரைபடத்தைப் பார்த்து அந்த வரியை எழுதியது நான். அதன் கீழே இருக்கிற கையெழுத்தும் என்னுடையது.

கடைசிச் சுற்றாக சுனாபட்டிக்குப் போனேன். அங்கே ஒரு நாலா, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், அதன்மேல் ஒரு பாலம். மண்ணுக்குள் கேபிள் போகிற தடத்தைக் காட்டும் கருவி ஒன்று எங்களிடம் உண்டு. பாலத்தைத் தாண்டிய நடைபாதையில் அது கத்தோ கத்து என்று கத்தியது, முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பக்கத்தில் பாலத்தின் இரும்பு இருந்தாலும் அப்படிக் கத்தும். கருவியைத் திட்டிவிட்டு, பசி தாங்காமல் நடைபாதை ஓரத்தில் இட்லி விற்கிற அக்காவிடம் போய் உட்கார்ந்தேன்.

அக்கா தாராவிக்காரி. நான் பிறந்த சந்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. அவள் ஊரும் என் அப்பா ஊரும் திருநெல்வேலிப் பக்கம்தான். காலையில் அவித்து எடுத்துக்கொண்டு வந்து, அந்த மூலையில் பல வருடமாக விற்கிறாள். என் தலையில் ஹெல்மெட்டைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னட்டி, இந்த வருஷமும் தோண்டப் போறியளா? அன்னைக்கித் தோண்டுனப்ப என் கடைய ஒரு வாரம் அங்கிட்டுத் தள்ளி வச்சாவ."

இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவள் நிம்மதியாகி, ஆனாலும் அந்த வாரம் வியாபாரம் நன்றாக இருந்தது என்று கதை சொல்லத் தொடங்கினாள். இரண்டு கேபிளுக்கும் இரண்டு கூட்டம் வேலை செய்ததாம். ஒரு கூட்டம் மஞ்சள் கோட்டு, ஒரு கூட்டம் பச்சைக் கோட்டு. சட்னிக்குச் சண்டை போடுவார்களாம். ஒரு கூட்டம் ரயில் பாதைப் பக்கம் அல்லவா தோண்டியது, அங்கிருந்தா சாப்பிட வந்தார்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ரயில் பக்கம் எவன் தோண்டுனான்? ரயில்காரன் பர்மிஷன் குடுக்கல. மழை வேற வரப் போவுது, தோண்ட விட மாட்டான். மஞ்சக் கோட்டுக்காரன் மண்ணத் தள்ளப் போன குழியிலயே இவியளும் கேபிளப் போட்டுட்டு மூடிட்டாவ. இந்தா, இந்தப் பாலத்துலேருந்து அந்தக் கோயில் செவுரு வரைக்கும்."

கையில் இட்லி அப்படியே நின்றது. முதலில் வந்தது சந்தோஷம், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. கருவி கத்தியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது! இரண்டு கேபிளும் ஒரே குழியில் கிடந்தால் ஒரு கடப்பாறை போதும். அதோடு முடியவில்லை. மின்சாரம் போனால் தளத்தில் ஜெனரேட்டர் ஓடும், ஆனால் அதற்கு டீசல் லாரி வருகிற வழியும் இதே பாலம்தான். ஜூலையில் இந்த நாலா பொங்கினால் லாரி வராது. கேபிள், மாற்றுக் கேபிள், டீசல் மூன்றும் ஒரு இட்லிப் பாத்திரத்தைச் சுற்றி நின்றன. இதையெல்லாம் நினைத்துத் துள்ளிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவதாக அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. சட்னி உறைத்தது.

எங்கள் கம்பெனி முதலாளிக்கு அங்கிருந்தே போன் செய்தேன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகிற மனிதர். எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இட்லி அக்கா சொன்னாள் என்றேன்.

"நீ சொல்றது சரின்னா உன் கையெழுத்து தப்பு. நீ சொல்றது தப்புன்னா நம்ம கம்பெனியே போச்சு. நன்னா யோசிச்சுக்கோம்மா."

நன்றாக யோசிக்கிற ஆள் நான் இல்லை. மதியமே தளத்துக்குப் போய், எங்கள் அறிக்கையைப் பார்க்கிற அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தேன். வடநாட்டுக்காரர், மேஜையில் பென்சில்கூட நேராக இருக்க வேண்டும் அவருக்கு. எல்லாவற்றையும் ஹிந்தியில் மூச்சு விடாமல் கொட்டினேன். ஆதாரம் கேட்டார், சொன்னேன். பழைய அறிக்கையில் கையெழுத்து யாருடையது என்று கேட்டார், அதையும் சொன்னேன். ஆக, ஓடிக்கொண்டிருக்கிற மின்கேபிளுக்கு மேல், தடைக்கு நான்கே நாள் இருக்கும்போது, ஒரு இட்லிக்காரம்மாவின் பேச்சை நம்பிக் குழி தோண்டச் சொல்கிறீர்களா என்று நிதானமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று எனக்கே கேட்டது. அவர் பென்சிலை நேராக்கினார். ஒரே ஒரு குழி, சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரம். அதில் ஒரு கேபிள் மட்டும் இருந்தால் நீங்கள் இந்த மேஜைக்கு மறுபடி வர வேண்டியிருக்காது என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே எல்லாரும் ஆஜர். கேபிளில் மின்சாரம் ஓடுவதால் மெஷின் கூடாது, நான்கு பேர் கையால் தோண்டினார்கள். எங்கே தோண்டுவது என்று நான் கருவியைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்டேன். அவள் பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் காலால் ஒரு கோடு கிழித்தாள். முதலாளி மாட்டுங்காவிலிருந்து வந்து, மழை இல்லாமலே குடை பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஜீப்பில் சாய்ந்திருந்தார்.

முழங்கால் ஆழத்தில், கீழே கேபிள் இருக்கிறது என்று சொல்லும் எச்சரிக்கை நாடா வந்தது. பிறகு செங்கல் வரிசை. செங்கலை எடுத்தால் மணல், மணலைத் தள்ளினால் கேபிள். கறுப்பாக, தடியாக, ஒன்றே ஒன்று. குழியை இரண்டு பக்கமும் அகலப்படுத்தச் சொன்னேன். மண்தான் வந்தது. தோண்டியவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அதிகாரி ஜீப் கதவைத் திறந்தார். முதலாளி என்னைப் பார்க்காமல் நாலாவைப் பார்த்தார். என் காது சூடாகிவிட்டது. வேலை போச்சு, அதைவிட, அக்காவைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அவள் மட்டும் அசையவில்லை.

"நான் என் கண்ணால பாத்தேன்ட்டி. ரெண்டு கூட்டமும் இந்தக் குழியிலதான் நின்னாவ."

கோபம் வந்து நானே குழிக்குள் இறங்கினேன். கேபிளுக்கு அடியில் கையை விட்டு மணலைப் பறித்தேன். விரல் எதிலோ இடித்தது. தடவிப் பார்த்தேன். விளிம்பு, மூலை, பக்கத்தில் இன்னொரு விளிம்பு. செங்கல்.

கேபிளுக்கு அடியில் செங்கல் யாரும் வைக்க மாட்டார்கள். கீழே மணல், அதன்மேல் கேபிள், மேலே மணல், அதற்கு மேலேதான் செங்கல், கடப்பாறை விழுந்தால் முதலில் அது உடைய வேண்டும் என்பதற்காக. அடியில் செங்கல் வரிசை இருக்கிறதென்றால் அதற்கும் கீழே அது காப்பாற்றுகிற ஒன்று இருக்கிறது. பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேனே ஒழிய, கீழே தேடவில்லை! மஞ்சள் கோட்டுக்காரர்கள் தங்கள் கேபிளை ஒழுங்காக மூடியிருக்கிறார்கள். பச்சைக் கோட்டுக்காரர்கள் அதன் தலைமேல் தங்களுடையதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே தோண்டுங்கள், கீழே என்று ஹிந்தியிலும் தமிழிலும் கத்தினேன். பக்கவாட்டில் பறித்து, இரண்டாவது செங்கல் வரிசையை உருவி, மணலைத் தள்ளினார்கள். இரண்டாவது கேபிள் கிடந்தது. மேலே இருந்ததைத் துடைத்தால் ரயில் பாதை வழிக்கான எண் தகடு, கீழே இருந்ததில் மெயின் ரோட்டு எண்.

குழிக்குள்ளேயே குதித்தேன். மேலே ஏறி, மண் கையோடு அக்காவைக் கட்டிப்பிடித்தேன். நாற்பத்தாறு வயதுப் பெண் நடுரோட்டில் ஆடுகிறாளே என்று ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். என் தப்பைத்தான் நான் இப்படிக் கொண்டாடிக்கொண்டிருந்தேன் என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகாரி குழியோரம் குந்தி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு ஜீப்பின் மூக்கில் பழைய அறிக்கையை விரித்து என்னிடம் பேனாவை நீட்டினார். அந்த வரியை அடித்து, தவறு என்று பக்கத்தில் எழுதி, பழைய கையெழுத்துக்கு அருகில் புதிதாக ஒன்று போட்டேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் கையெழுத்தைவிட இது நேராக விழுந்தது.

அவர் அங்கேயே முடிவுகளைச் சொன்னார். டீசலை மழைக்கு முன்பே பாலத்துக்கு அந்தப்பக்கம் சேர்த்து வைப்பது. இரண்டாவது கேபிளை வேறு வழிக்கு மாற்றுவது மழை முடிந்த பிறகு, இப்போது நேரமில்லை. அதுவரை நான்கு மாதம் இரண்டும் இதே குழியில் கிடக்கும், ஆகவே கோயில் சுவர்வரை நடைபாதையைக் காலி செய்து ஒரு காவலாளியைப் போடுவது.

காலி செய்வது என்றால் அக்காவையும்தான். அவளுக்கு ஹிந்தி நன்றாகவே புரியும். தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடப்பாறையோடும் ஒரு கடிதத்தோடும் கூட்டம் வந்தால் உங்கள் காவலாளி சலாம் போட்டு வழிவிடுவான் என்று அதிகாரியிடம் சொன்னேன். இங்கே தோண்ட யார் வந்தாலும் முதலில் இவளிடம்தான் சாப்பிட உட்காருவார்கள். இத்தனை பேர் இத்தனை காகிதம் வைத்துக்கொண்டு பார்க்காததை இவள் ஒருத்திதான் பார்த்தாள். இவளை எழுப்பினால் இந்த இடத்துக்குக் கண்ணே கிடையாது. முதலாளி குடையை மடக்கிவிட்டு, நம்ம பொண்ணு சொல்றது சரி சார் என்றார். எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

அதிகாரி குழியைப் பார்த்தார், அக்காவின் பாத்திரத்தைப் பார்த்தார். எழுதுங்கள், வார்டு ஆபீசில் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். எழுதினேன். மழை முடியும்வரை மதியத்துக்கு மேல் காவலாளி, காலையில் இட்லிக் கடை அதே இடத்தில். என் போன் நம்பரை அக்காவின் போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன்.

ஜூலையில் ஒரு காலை. செம்பூரில் வீட்டு வாசலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னணியில் மழைச் சத்தம், அதற்கு மேல் அக்காவின் குரல்.

"ஏட்டி, தண்ணிக் கொழா உடைஞ்சிருக்காம், அவசர ரிப்பேராம். லெட்டர் வச்சிருக்காவ, ஏழு பேரு, கடப்பாறையோட நிக்காவ. மொதல்ல சாப்பிடுங்கன்னு உக்கார வச்சிருக்கேன். இட்லி இன்னும் இருபதுதான் கெடக்கு, சீக்கிரம் வா."