பெரிய டி, சின்ன டி

பெங்களூர் விவேக் நகரில் நாங்கள் மாடியில் குடியிருந்தபோது, கீழ் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அல்சூரில் ஒரு கன்னடக்கார வீட்டில் பத்து வருடமாகச் சமையல் வேலை. தமிழும் கன்னடமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் மட்டும் படிக்க வராது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு தாளோடு மேலே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு எங்க ஐயாவுக்குப் பொறந்தநாள். வெளிநாட்டுல இருக்கிற அவங்க பொண்ணு, தான் செய்யற கேக்கை எழுதி அனுப்பியிருக்கு. அம்மா அதை அப்படியே குடுத்துட்டாங்க. படிச்சுச் சொல்லுங்க, மனசுல வாங்கிக்கிறேன்."

நான் படித்தேன். 'c' என்றால் கப். அதில் சந்தேகமில்லை. எண்ணெய்க்கு நேரே எட்டு T, பாலுக்கு ஆறு T, சோடாவுக்கு ஒரு t. எல்லாம் டீஸ்பூன் என்றேன்.

அவள் தாளை வாங்கி உற்றுப் பார்த்தாள். "இது இன்னாக்கா, ஒண்ணு பெருசா கீது, ஒண்ணு சின்னதா கீது? ஒரே ஆளுதானே எழுதியிருக்கு?"

"அவசரத்துல எழுதியிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறவள் நான். அந்தத் தைரியம். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மேலே வரவில்லை. திங்கட்கிழமை காலை மோட்டார் போடக் கீழே இறங்கியபோது நானாகத்தான் கேட்டேன்.

"சரியா வரலக்கா. மாவு ஒட்டவே இல்ல, உதிர்ந்துடுச்சு. வெந்தப்புறம் செங்கல் மாதிரி ஆயிடுச்சு. வந்தவங்க எதிர்ல அம்மாவுக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"நான்தான் அளவைத் தப்பாப் போட்டுட்டேன்னு சொன்னேன்."

என் பெயரை அவள் எடுக்கவே இல்லை. மேலே வந்து போனில் தேடினேன். பெரிய T என்றால் டேபிள்ஸ்பூன், சின்ன t என்றால் டீஸ்பூன். பெரியது சின்னதைப்போல மூன்று மடங்கு. இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆங்கில எழுத்தே தெரியாத அவள் கண்ணில் பட்ட வித்தியாசத்தை, தெரிந்த நான் ஒன்றுமில்லை என்று தள்ளியிருக்கிறேன். அன்று ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் நேராக அல்சூருக்கு பஸ் ஏறி, அவள் முன்பு சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து அந்த வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "நீங்க எதுக்குக்கா வந்தீங்க? அது முடிஞ்சு போச்சு, விடுங்க."

அதற்குள் அந்த அம்மாவே கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். எழுபதை நெருங்கும் வயது, கன்னடம் கலந்த தமிழ். நான் யாரென்று சொன்னேன். தப்பு என்னுடையது, அவள் சரியாகத்தான் கேட்டாள், நான்தான் தெரியாமல் சொன்னேன் என்றேன்.

அவர் என்னை உள்ளே வரச் சொன்னார். பிறகு சிரித்துவிட்டார். "எனக்கு மட்டும் தெரியுமா? நானும் அந்தத் தாளைப் பார்த்தேன், ஒண்ணும் புரியல்லே. மக கிட்டே கேட்கக் கூச்சம். இவளுக்குத் தெரியும்னு கொடுத்துட்டேன்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஹோகலி பிடு, போகட்டும் விடு. ஆனா நீ எதுக்கு உன் தலையிலே போட்டுக்கிட்டே?" என்றார்.

அவள் காபி போட உள்ளே போய்விட்டாள்.

எனக்கு உட்கார இடம் காட்டினார்கள். ஐயா அந்தக் கேக்கை இரண்டு நாளாகக் காபியில் தொட்டுச் சாப்பிடுவதாக அந்த அம்மா சொன்னார். கிளம்பும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு டி-க்குப் பக்கத்திலும் பேனாவால் பெரிய கரண்டியோ சின்னக் கரண்டியோ வரைந்து கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி செய்தாள். ஒரு டப்பாவில் எனக்கும் இரண்டு துண்டு வந்தது. மெத்தென்று இருந்தது.

அதற்குப் பிறகும் மருந்துச் சீட்டு, கரண்ட் பில் என்று எதையாவது கொண்டுவந்து காட்டுவாள். நான் வாயைத் திறக்குமுன் ஒரு கேள்வி வரும்.

"தெரிஞ்சு சொல்றீங்களாக்கா, நெனச்சு சொல்றீங்களா?"

பாதி நேரம் நான் போனை எடுத்துத் தேடிவிட்டுத்தான் பதில் சொன்னேன்.